கன்டெய்னர் வீட்டுக் கதவு

கருஞ்சேவல்பாளையத்தில் கதவுகள் இங்கிலீஷ் பேச ஆரம்பித்தது ஓர் ஐப்பசி மாதத்து வியாழக்கிழமை என்று சிலரும், இல்லவே இல்லை, அது வெள்ளிக்கிழமை, எங்கள் வீட்டில் அன்றைக்குக் கறி எடுக்கவில்லை என்று சிலரும் இன்றுவரை சண்டை போட்டுக்கொள்கிறார்கள். கதவு எதற்காகப் பேசியது என்று மட்டும் ஒருவரும் சண்டை போட்டதில்லை. ராத்திரியெல்லாம் பெய்த மழை விட்டு, ஓட்டுத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்த விடியலில், வாசல் தெளிக்கச் சாணிக் கரைசலோடு வந்த மயிலாத்தாள் தாழ்ப்பாளை நீக்கி இழுத்தபோது, வழக்கமாகக் கிறீச்சிடும் அந்த வேப்பமரக் கதவு கொஞ்சம் திறந்ததும் 'கன்' என்றது, பாதி திறந்ததும் 'டெய்' என்றது, முழுசாகத் திறந்து சுவரில் முட்டியதும் 'னர்' என்று முடித்துக்கொண்டது.

"ஏம்மிணி, ரேடியோவப் பெருசா வெச்சுப்போட்டயா?" என்று அடுப்படியிலிருந்து அம்மா கேட்டாள்.

"ரேடியோ இல்லம்மா. நம்ம கதவு."

"கதவா? செரி, சொல்லீட்டுப் போவுது. சாணி காயறதுக்குள்ள தெளி."

அதற்குள் தெருவில் வரிசையாகக் கதவுகள் திறந்துகொண்டிருந்தன. எதிர்வீடு 'ரிப்போர்ட்' என்றது. பால் ஊற்றுகிறவர் வீடு 'டென்னிஸ்' என்றது. கோயிலுக்குப் பக்கத்து வீடு 'இன்ஜெக்ஷன்' என்று சொல்ல, உள்ளே தூங்கிக்கொண்டிருந்த குழந்தை வீறிட்டது. ஊர்ப்பெரியவர் தெய்வசிகாமணி வீட்டு இரட்டைக் கதவில் ஒரு பக்கம் 'ரெஸ்' என்றும் மறுபக்கம் 'பெக்ட்' என்றும் பிரித்துச் சொன்னது. அவர் அதைத் திரும்பத் திரும்பத் திறந்து மூடிக் கேட்டுவிட்டு, இத்தனை நாளாக இதை யாரும் சொல்லாமல் இருந்ததுதான் ஆச்சரியம் என்கிற முகத்தோடு வேப்பங்குச்சியை வாயில் வைத்துக்கொண்டார்.

ஆசாரி வந்து கீலுக்கெல்லாம் எண்ணெய் விட்டுப் பார்த்தார். உச்சரிப்பு சுத்தமானதுதான் மிச்சம். 'ரிஜெக்ட்' என்று சொன்ன வீட்டுக்காரர்கள், கல்யாண வயதில் பையனை வைத்துக்கொண்டு இப்படி ஒரு சொல்லோடு எப்படி இருப்பது என்று நொந்து, சந்தையில் புதுக் கதவு வாங்கி மாட்டினார்கள். புதுக் கதவு சாயங்காலம்வரை யோசித்துவிட்டு அதே சொல்லைச் சொன்னது. கதவையே கழற்றி வைத்தவர்களுக்கு நிலைப்படி சொன்னது. பிறகு ஊர் பழகிக்கொண்டது. தபால்காரருக்கு வேலை சுலபமாயிற்று. கடைக்காரர் கடன் எழுதும்போது "சப்போர்ட் வீட்டுக்கு ஒரு சோப்பு" என்றார். குடித்துவிட்டு வருகிறவர்கள், கதவு ஊருக்கே சொல்லிவிடும் என்று பயந்து பொழுதோடு வந்து சேர்ந்தார்கள், அந்த வீட்டுப் பெண்கள் கதவுக்குப் பொட்டு வைத்தார்கள்.

கதவுகள் பேசின அன்றைக்கே இன்னொன்றும் நடந்திருந்தது, அது தெரிய வந்தது கோயில் நோன்பின்போதுதான். அந்த ஊரில் ஒவ்வொரு குடும்பமும் ஏதாவது ஒரு கூட்டத்தைச் சேர்ந்தது. ஒரே கூட்டத்துக்காரர்கள் பங்காளிகள், அண்ணன் தங்கை முறை, அவர்களுக்குள் பெண் கொடுப்பதும் எடுப்பதும் ஆகாத காரியம். வேறு கூட்டம் என்றால்தான் மாமன் மச்சான். நோன்பன்றைக்குக் கூட்டத்தின் பெயரைச் சொல்லி ஒவ்வொரு குடும்பத்துக்கும் திருநீறு கொடுக்க வாயைத் திறந்த பூசாரி, திறந்த வாயோடு நின்றார். பெயர் வரவில்லை. முன்வரிசையில் இருந்தவர்களைக் கேட்டால் அவர்களுக்கும் வரவில்லை. நாங்கள் என்ன கூட்டம் என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், பார்த்த முகம் பங்காளி முகமா மச்சான் முகமா என்பதும் தெரியவில்லை. கூட்டப் பெயர்கள் இருந்த இடத்தில், நாக்கைத் துழாவினால், கதவு சொன்ன இங்கிலீஷ் வார்த்தைதான் தட்டுப்பட்டது.

பெரியவர்களுக்கு இதில் வெசனமென்றால், சின்னவர்களுக்கு அது ஊர் கண்ட நல்ல காலம். யார் யாருக்கு என்ன முறை என்று தெரியாததால் யாரும் யாரையும் தடுக்க முடியவில்லை. மயிலாத்தாளுக்கும் அந்தக் காலத்தில்தான் விடிந்தது. அவள் திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தாள். காலையில் கம்பெனி வேன் வந்து நிற்கும் இடத்துக்கு எதிரே மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருந்தான் சென்னியப்பன். அவன் வீட்டுக் கதவு 'மெயின்டனன்ஸ்' என்று சொன்னது. வேன் தாமதமாக வரும் நாளெல்லாம் அவளுக்குப் பிடித்திருந்தது. சென்னியப்பனின் அம்மா தேங்காயும் பூவுமாகப் பெண் கேட்டு வந்தபோது மயிலாத்தாளின் அப்பா ராக்கியண்ணன், முறை பார்க்க வழியில்லாத காலத்தில் பையனையாவது பார்ப்போம் என்று பார்த்து, பையன் பீடி குடிப்பதில்லை என்பதில் திருப்தியாகிச் சம்மதம் சொன்னார். பூ வைத்துவிட்டுப் போனார்கள். அன்றைக்குப் பட்ட சந்தோஷத்தில் மயிலாத்தாள் கதவைத் திறந்து திறந்து மூடினாள், அது சளைக்காமல் 'கன்டெய்னர், கன்டெய்னர்' என்றது.

ஆனால் தெய்வசிகாமணிக்குத் தூக்கம் போய்விட்டது. முறை தெரியாமல் ஒரு ஊர் எப்படி ஊராக இருக்கும்? பெண் கேட்கப் போகிறவன் யாரை மாமா என்று கூப்பிடுவான், யார் வீட்டு எழவுக்கு யார் மொட்டை போடுவது? யோசித்து யோசித்து, கடவுள் ஒன்றை எடுத்துக்கொண்டு இன்னொன்றைக் கொடுத்திருக்கிறார் என்றால் கொடுத்ததற்குள்தான் எல்லாம் இருக்க வேண்டும் என்று முடிவு செய்து, உயர்நிலைப்பள்ளியில் இங்கிலீஷ் நடத்துகிற எஸ்தர் டீச்சரை ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயில் திடலுக்கு வரவழைத்தார். ஊர் முழுக்கக் கூடியது.

"டீச்சர், இந்த வார்த்தைகளுக்கு மூலம் கீலம் ஏதாச்சும் இருக்குதுங்களா, இல்ல வெறும் சத்தந்தானுங்களா?"

எஸ்தர் டீச்சர் வெளியூர்க்காரர், தினமும் பஸ்ஸில் வந்து போகிறவர். பாடம் கேட்க ஊரே உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் அவருக்கு மனசு நிறைந்துபோயிற்று. "இருக்குங்கய்யா, எல்லாத்துக்கும் வேர் இருக்கு" என்று கரும்பலகையில் ஒரு மரம் வரைந்தார். "லத்தீன்னு ஒரு பழைய பாஷை. அதுல 'டெனேரே'ன்னா பிடிச்சுக்கிறதுன்னு அர்த்தம். சேர்த்துப் பிடிச்சு வெச்சா கன்டெய்ன், அதிலிருந்து கன்டெய்னர். கையால பிடிச்சா மெயின்டெய்ன், அதிலிருந்து மெயின்டனன்ஸ். போகவிடாமப் பிடிச்சு நிறுத்தினா டிடெய்ன். அடுத்தவர் இடத்தைப் பிடிச்சுட்டுக் குடியிருந்தா டெனன்ட்."

"எங்குளுது டென்னிஸுங்க" என்றார் பால் ஊற்றுகிறவர் பின்வரிசையிலிருந்து.

"அதுவும் இதே வேர்தாங்க. பந்தை அடிக்கிறவன் 'இந்தா, பிடி'ன்னு சொல்றதுல இருந்து வந்தது."

கூட்டம் அசந்துபோயிற்று. போர்ட் என்றால் சுமப்பது, அதில் ரிப்போர்ட், பாஸ்போர்ட், சப்போர்ட், டிரான்ஸ்போர்ட். ஜெக்ட் என்றால் வீசுவது, அதில் இன்ஜெக்ஷன், ரிஜெக்ட். ஸ்பெக்ட் என்றால் பார்ப்பது. டீச்சர் சாக்பீஸ் தேயத் தேய எழுதினார். மயிலாத்தாளும் வாயைப் பிளந்து கேட்டாள். தன் வீட்டுச் சொல்லும் சென்னியப்பன் வீட்டுச் சொல்லும் ஒரே கிளையில் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதைப் பார்த்து, எவ்வளவு பொருத்தம் என்றுதான் அந்தப் பைத்தியக்காரி முதலில் நினைத்தாள்.

தெய்வசிகாமணி எழுந்து நின்றார். "அப்ப ஒரே வேர்னா ஒரே வித்து. ஒரே வித்துன்னா பங்காளி. இத்தன நாளா நமக்குத் தெரியாமப் போச்சு."

டீச்சர் பதறிப்போனார். "ஐயோ, அது வார்த்தைக்குத்தானுங்கய்யா. மனுசங்களுக்கு இல்ல."

"அந்த வார்த்தை யாரு வூட்டுக் கதவுல இருக்குதுங் டீச்சர்?" என்றார் அவர் மரியாதையாக. டீச்சர் சாக்பீஸைக் கீழே வைத்தார். காப்பி கொடுத்து, பழத்தட்டு கொடுத்து, பஸ் ஏற்றி அனுப்பினார்கள்.

ஊர் ஒரே வாரத்தில் புதிய முறைகளுக்குள் குடியேறியது. காட்டு எல்லைப் பொழியில் ஒரு முழத்துக்காக வெட்டிக்கொண்ட டெனன்ட் வீடும் டென்னிஸ் வீடும் பங்காளிகளாகி, பங்காளிகளுக்கே உரிய முறையில் இன்னும் மும்முரமாக வெட்டிக்கொண்டன. பேரன் பேத்தி எடுத்த சப்போர்ட் வீட்டுக்காரரும் அவர் மனைவியும்தான் பாவம். அந்த அம்மாள் பிறந்த வீடு பாஸ்போர்ட், ஆக இருவரும் அண்ணன் தங்கை என்றாகிவிட்டது. "இத்தன வருசம் இந்தாளோட பட்டது போதும், அண்ணனாவே இருந்துக்கட்டும்" என்று அந்த அம்மாள் சந்தோஷமாகப் பாயைச் சுருட்டிக்கொண்டு மகள் வீட்டுக்குக் கிளம்பியதைப் பார்த்து பயந்துபோன பெரியவர்கள், தாலி கட்டியது கட்டியதுதான், இனிமேல் நடக்கிற கல்யாணத்துக்குத்தான் சட்டம் என்று அவசரமாகத் தீர்ப்பு சொன்னார்கள்.

பூ வைத்தது தாலி கட்டியதில் சேராது. ராக்கியண்ணன் பூவையும் தேங்காயையும் தட்டில் வைத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்து, வாசலில் காலைக் கழுவினார். "சென்னியப்பன் இனி உனக்கு அண்ணன் முறை அம்மிணி" என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல். மயிலாத்தாளுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம் வந்தது. யாருக்கும் தெரியாத ஒரு பாஷையில், பார்த்தே இராத ஒரு தேசத்தில், எவனோ பிடித்துக்கொள் என்று சொன்னதற்கு, தன்னை ஏன் பிடித்து வைக்கிறார்கள் என்று அவளுக்கு விளங்கவே இல்லை.

அதற்குப் பிறகு அவளை வேலைக்கு அனுப்பவில்லை. வேன் வந்து ஹாரன் அடித்துவிட்டுப் போகும். உள்ளே உட்கார்ந்து புளி ஆய்வாள், அரிசி புடைப்பாள், சும்மா உட்கார்ந்திருப்பாள். மத்தியானம் தெரு உறங்கும் நேரத்தில் ஒருநாள் கதவை மெல்ல மெல்ல, மூச்சை அடக்கிக்கொண்டு திறந்து பார்த்தாள். 'கன்' என்பது முனகலாகத்தான் வந்தது. அந்த இடுக்கில் உடம்பை நுழைக்க முடியவில்லை. இன்னும் கொஞ்சம் தள்ளியபோது 'டெய்' என்று தெருமுனைக்குக் கேட்கிற மாதிரி அதட்டியது. ரிப்போர்ட் வீட்டுத் திண்ணையோரத்திலிருந்து யாரோ தலையைத் தூக்கி, "கன்டெய்னர் வூட்டுக் கதவு தொறக்குதே, யாரு வெளிய போறீங்க?" என்று கேட்டார்கள். அவள் மூடிக்கொண்டாள். அந்த ஊரில் இனி எந்தப் பெண்ணும் யாருக்கும் தெரியாமல் வாசலைத் தாண்ட முடியாது என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கதவுகளுக்குப் பொட்டு வைத்தவர்களை நினைத்தால் பற்றிக்கொண்டு வந்தது.

இதில் பெரிய கொடுமை, சென்னியப்பன் இப்போது எப்போது வேண்டுமானாலும் அந்த வீட்டுக்கு வரலாம் என்பதுதான். பங்காளி வீட்டுப் பையன், யார் கேட்பது? வந்து கட்டிலில் உட்காருவான். அம்மா, "அண்ணனுக்குத் தண்ணி குடு" என்பாள். ஒருநாள் அம்மா புழக்கடைக்குப் போன நேரம் பார்த்து மயிலாத்தாள் கேட்டாள்.

"நீங்க ஒண்ணுமே சொல்ல மாட்டீங்களா?"

"நான் என்னத்தச் சொல்றது மயிலா? ஊரே சொல்லுது."

"எங்காச்சும் போயிரலாம்."

"போலாந்தான். போனா எங்கம்மாவ ஊர்ல சேத்த மாட்டாங்க." அவன் சொம்பைக் கீழே வைத்தான். அவன் கண்ணில் தண்ணீர் நின்றது. நல்லவன்தான், அதில் சந்தேகமில்லை. நல்லவர்களுக்கே வருகிற பயம் அவனுக்கு நிறைய இருந்தது. மயிலாத்தாளுக்கு அவன்மேல் இரக்கமும் வந்தது, அந்தச் சொம்பை எடுத்து அவன்மேல் எறியலாம் போலவும் வந்தது.

வைகாசியில் அவளுக்குக் கல்யாணம் என்று முடிவாயிற்று. மாப்பிள்ளை டிரான்ஸ்போர்ட் வீட்டு மோகனசுந்தரம், லாரி வைத்திருக்கிறவர். குறை சொல்ல எதுவுமில்லாத மனுசர், அவளுக்கு அவரைப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். யாரும் அவளைக் கேட்கவுமில்லை.

அந்த ஊர்க் கல்யாணத்தில் கைப்பிடிச் சீர் என்று ஒன்று உண்டு. பெண்ணின் உடன்பிறந்தவன் அவள் வலது கையைப் பிடித்து வீட்டு வாசலிலிருந்து பந்தல்வரை நடத்தி வந்து, மாப்பிள்ளை கையில் வைத்துக் கொடுக்க வேண்டும். அவனாக வைத்துக் கொடுக்கும்வரை பெற்றவர் உட்பட யாரும் அவர்களைத் தொடக்கூடாது, குறுக்கே போகக்கூடாது, மேளக்காரர்கள் வாசிப்பை நிறுத்தக்கூடாது. நடுவழியில் அவன் கையை விட்டுவிட்டால் கல்யாணம் முறிந்தது, அந்த முகூர்த்தமும் அந்த மாப்பிள்ளையும் அவளுக்கு இல்லை. மயிலாத்தாளுக்குக் கூடப்பிறந்தவன் கிடையாது. ஆகவே பெரியவர்கள் கூடிப் பேசி, ஒரே வேரில் வந்த அண்ணன் பக்கத்திலேயே இருக்கும்போது வெளியில் தேடுவானேன் என்று, சீர் செய்யச் சென்னியப்பனுக்கு வேட்டி துண்டு எடுத்துக் கொடுத்தார்கள். இதில் ஏதோ தவறு இருக்கிறது என்று அந்தக் கூட்டத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. முறை என்று வந்துவிட்டால் அந்த ஊர் அப்படித்தான், நேற்று நடந்தது அதற்குத் தெரியாது.

கல்யாணத்தன்று காலை கதவு அகலத் திறந்து தன் வார்த்தையை முழுசாகச் சொன்னது. சென்னியப்பன் படியேறி வந்து அவள் கையைப் பிடித்தான். மேளம் கிளம்பியது. அவன் கை வேர்த்திருந்தது, அவள் கை சில்லிட்டிருந்தது. பின்னால் ஊர் முழுக்க நடந்தது. தெரு திரும்பி, கோயில் திடல் வந்து, பந்தலும் வாழைமரமும் தெரிந்து, மாலையோடு எழுந்து நிற்கும் மோகனசுந்தரமும் தெரிந்தபோது, வலப்பக்கம் திரும்ப வேண்டிய இடத்தில் அவர்கள் திரும்பவில்லை. யார் யாரை இழுத்தது என்பதில் இன்றைக்கும் இரண்டு கட்சி உண்டு; மயிலாத்தாளைக் கேட்டால், என் கால்தான் திரும்பவில்லை என்பாள். இருவரும் நேராக நடந்தார்கள். விதி விதிதான், மேளமும் வாசித்துக்கொண்டே பின்னால் போயிற்று. முகூர்த்தத்துக்கு வந்தவர்கள், இலைக்கு முன்னால் உட்கார்ந்தவர்கள் எல்லாரும் எழுந்து பின்னால் போனார்கள். தொடக்கூடாது, குறுக்கே போகக்கூடாது. ஆகவே தெய்வசிகாமணி பக்கவாட்டில் ஓடிக்கொண்டே கத்தினார்.

"சென்னியப்பா! கைய விட்றாதே! விட்டா முறிஞ்சு போகும்! அப்பிடியே திரும்பி வந்து மாப்பிள்ளை கையில வெச்சுரு சாமி!"

நிறுத்தத்தில் பஸ் நின்றிருந்தது. அதன் கதவு எந்த வார்த்தையும் சொல்லாமல், வெறும் தகரச் சத்தத்தோடு திறந்திருந்தது. மயிலாத்தாள் படியருகில் வந்து நின்றாள். அவனும் நின்றான். மேளமும் ஊரும் சுற்றி நின்றன. அவன் பஸ்ஸைப் பார்த்தான், கூட்டத்தில் தன் அம்மாவைப் பார்த்தான், மறுபடி பஸ்ஸைப் பார்த்தான். ஏறவுமில்லை, திரும்பவுமில்லை. பிடி மட்டும் இறுகிக்கொண்டே போனது. அவளுக்கு விரல் வலித்தது. பிடிக்கச் சொன்னார்கள், பிடித்திருக்கிறான். விடாதே என்கிறார்கள், விடாமல் நிற்கிறான். சாயங்காலம்வரை, கேட்டால் சாகும்வரை, இப்படியே நிற்பான் என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று. இத்தனை மாதம் அந்தக் கைக்காகத்தானே உள்ளே கிடந்து வெந்தேன் என்று நினைத்தபோது அவளுக்குத் தன்மேலேயே துக்கம் பொங்கியது.

"விடுங்க" என்றாள்.

"விட்டா எல்லாம் போச்சு மயிலா."

"விடுங்கன்னேன்."

அவன் விடவில்லை. அவள் மணிக்கட்டைத் திருகி, ஒரு வெட்டு வெட்டி, தன் கையைத் தானே உருவிக்கொண்டாள். வளையல் இரண்டு உடைந்து விழுந்தது. மேளக்காரர் அடிப்பதா நிறுத்துவதா என்று குச்சியை அந்தரத்தில் வைத்துக்கொண்டு தெய்வசிகாமணியைப் பார்த்தார். தெய்வசிகாமணி பூசாரியைப் பார்த்தார். பூசாரி வானத்தைப் பார்த்தார். அண்ணன் விட்டால் என்ன ஆகும் என்று முறை இருந்தது, யாராவது தொட்டால் என்ன ஆகும் என்று முறை இருந்தது. பெண் தன் கையைத் தானே எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு முறை போன பெயர்களிலும் இல்லை, வந்த பெயர்களிலும் இல்லை. ராக்கியண்ணன் ஓர் அடி முன்னால் வைத்து, அந்த அடியிலேயே நின்றார்.

பெரியவர்கள் யோசித்து முடிப்பதற்குள் மயிலாத்தாள் பட்டுப்புடவையைக் கொசுவத்தோடு தூக்கிப் பிடித்துப் படியேறி, டிரைவருக்குப் பின்னால் இருந்த ஜன்னலோர இருக்கையில் உட்கார்ந்தாள். கீழே சென்னியப்பன், காலியான கையை விரித்தபடி, ஒரு காலைப் படியில் வைத்திருந்தான். கண்டக்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு, மாலையும் நெற்றிச்சுட்டியுமாக உட்கார்ந்திருப்பவளையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எங்கம்மா போகணும்?"

"திருப்பூருங்க."

"ரெண்டு டிக்கெட்டா?"

"ஒண்ணு குடுங்க" என்றாள் மயிலாத்தாள். "அவரு வர்றதுன்னா அவரே எடுத்துக்குவாரு."